பயிற்சி முடிந்த பிறகு ஊரில் என்ன தங்குகிறது? – பருவநிலை மாற்றமும் வளரும் நாடுகளின் பரஸ்பர உதவியும்

நீர்வழி | நிபோங் திபால் | திங்கள் இரவு 9.40

வணக்கம். பினாங்குத் தீவின் நகர்ப்பகுதிகளுக்குத் தகவமைப்பு நிதியிலிருந்து (ஐ.நா. பருவநிலை உடன்பாட்டின் கீழ் வருவது) சுமார் 1 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கப்பட்டது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஐ.நா. ஹாபிடாட் வழியாக வந்த பணம். மாநகர் மன்றமும் திங்க் சிட்டி என்ற நகர மேம்பாட்டு நிறுவனமும் வடிகால் நீர்ப்பாசனத் துறையும் சேர்ந்து செய்கிற வேலை. ஜார்ஜ் டவுனிலும் பாயான் லெப்பாஸிலும் மரம் வைத்து வெயிலைத் தணிப்பது, மழைநீரை மண்ணில் இறங்க விடுவது, பெண்கள் குழுக்களைச் சேர்த்துக்கொள்வது என்று பல பகுதிகள் உண்டு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் இந்த மாநிலத்தில் 7 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்த யாரும் இந்தத் திட்டத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் வரவேற்கிறேன்.

என் கவலை 'திறன் வளர்ப்பு' என்ற அத்தியாயத்தைப் பற்றியது. இந்த மாதிரி எல்லாத் திட்டத்திலும் அது இருக்கும். வடிகால் வடிவமைப்பில் வேலை செய்கிறவன் என்பதால் அப்படிப்பட்ட பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஓட்டல் மண்டபம், கோப்பு, சான்றிதழ், குழுப்படம். சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள். ஆனால் நாள் முழுக்கச் சாரல் பெய்கிற ஊரிலிருந்து வருகிறார்கள். நமக்கு ஒரு மாலையில், ஒரு மணி நேரத்தில் வானமே இறங்கிவிடுகிறது. அவர்கள் காட்டும் படத்தில் இருக்கும் வாய்க்காலில் நம் மழை நிற்காது. அப்புறம், பயிற்சி பெற்ற அதிகாரி அடுத்த ஆண்டே வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போகிறார். கோப்பு அலமாரியில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்று என் வீட்டுக்குப் பக்கத்திலேயே உண்டு. நம் நாட்டின் நகர மழைநீர்க் கையேடு 2000-இல் வெளிவந்தது. அதுவரை, பெய்த மழையைச் சீக்கிரம் ஆற்றில் தள்ளிவிட வேண்டும் என்பதே நம் வடிகால் முறை. கையேடு அதைத் திருப்பிப் போட்டது: விழுந்த இடத்திலேயே நீரைப் பிடி, மெல்ல விடு. அது நம் மழைக்குச் சரிப்படுமா என்று பார்க்க, இங்கே யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்திலேயே அவர்களின் ஆற்றுப் பொறியியல் மையம் ஒரு முழு அமைப்பைக் கட்டியது. சிமெண்டு வாய்க்காலுக்குப் பதிலாகப் புல் படர்ந்த ஆழமற்ற பள்ளம், அதன் அடியில் துளையுள்ள பெட்டிகள், கடைசியில் குளங்களும் ஈரநிலமும். நீர் போகப் போக வேகம் குறைகிறது, வண்டல் படிகிறது. நம் மண்ணில், நம் மழையில், நம் ஆட்கள் செய்து அளந்து பார்த்தது.

இலங்கையிலும் வியட்நாமிலும் இதே மழைதான். அவர்களும் நாமும் ஒருவர் ஊரில் ஒருவர் போய்த் தங்கி வேலை பார்த்தால் எவ்வளவு மிச்சமாகும்! வளரும் நாடுகள் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுத்து, அந்தத் திறன் உண்மையிலேயே தங்கிவிட்ட உதாரணங்கள் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


கிள்ளான்வாசி | ஷா ஆலம் | திங்கள் இரவு 10.15

நான் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஸ்ரீ மூடாவில் இருக்கிறேன். 2021 டிசம்பரில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுக்க 610 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. கோலாலம்பூர் நடுவைக் காக்க, வெள்ளநீரைத் திருப்பிவிடும் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் 2007-லிருந்து இருக்கிறது. நமக்கு அப்படி எதுவும் இல்லை.

எச்சரிக்கை கொஞ்சம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். வந்த பிறகு என்ன செய்வது என்று எங்கள் லோரோங்கில் (சந்தில்) ஒருவருக்கும் தெரியவில்லை. எந்த வழியாக வெளியே போவது, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியை யார் தூக்குவது, எந்தப் பள்ளியில் தங்குவது? பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஒருவர் மீன்பிடிப் படகு கொண்டுவந்ததால் நாங்கள் தப்பித்தோம். பொறியியல் முக்கியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் மக்களுக்குத் தெரியாத திறன் ஒரு திறனா? இதை எந்த நாடாவது சரியாகச் செய்திருக்கிறதா?


பாகான் டீச்சர் | பட்டர்வொர்த் | செவ்வாய் காலை 6.50

செய்திருக்கிறது தம்பி, பங்களாதேஷ். 1970-இல் அங்கே போலா புயலில் 3 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு அப்புறம்தான் அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கின. அதன் அடிப்படை மிக எளிமையானது. ஒவ்வொரு கரையோரக் கிராமத்திலும் அதே கிராமத்து ஆட்கள் தொண்டர்கள். கம்பத்தில் ஒரு கொடி ஏறினால் கவனம், மூன்று கொடி ஏறினால் உடனே புகலிடத்துக்குக் கிளம்பு. கையில் ஒலிபெருக்கி, கையால் சுற்றும் சைரன். மின்சாரம் போனாலும் இவை வேலை செய்யும்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1991 புயலில் 1,38,000 பேர் இறந்தார்கள். புகலிடங்கள் போதவில்லை. பெண்கள் பலர் வெளியே வரவில்லை. ஆண்கள் கூட்டத்தில் போய் நிற்கக் கூச்சம், ஆடுமாடுகளை விட்டுப்போகப் பயம். அதைப் புரிந்துகொண்டு புகலிடங்களைக் கூட்டினார்கள், பெண்களுக்குத் தனி இடம் வைத்தார்கள், தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது 76,000 தொண்டர்கள் இருக்கிறார்கள். 2020-இல் அம்பான் புயல் அடித்தபோது இறப்பு சில பத்துகளில் நின்றது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிடுகிறாள் என்பதுதான். உங்கள் லோரோங்கில் பாட்டியை யார் தூக்குவது என்ற கேள்விக்கு அந்தக் கிராமங்களில் முன்கூட்டியே பதில் இருக்கிறது. நம்மிடம் கோத்தோங் ரோயோங் (கூட்டு உழைப்பு) உண்டு, ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்துக் குழு) உண்டு, கோயில் கமிட்டி உண்டு. எல்லாம் இருந்தும் அந்தப் பதில் இல்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. டாக்காவிலிருந்து வந்த எத்தனை ஆயிரம் பேர் நம் கட்டுமான வேலையிலும் தொழிற்சாலையிலும் இருக்கிறார்கள்? அவர்களில் கரையோரத்துப் பையன்களைக் கேட்டாலே சொல்வார்கள். நாம் கேட்டதே இல்லை என்பது எனக்கு மனத்தாங்கல்.


தஞ்சைமகன் | கோலாலம்பூர் | செவ்வாய் காலை 11.20

டீச்சருக்கு நன்றி. எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு சொல்கிறேன்.

முதலாவது நெல். ஒற்றை நாற்று நடவு, திருந்திய நெல் சாகுபடி என்று தமிழ்நாட்டில் இன்று எல்லோரும் சொல்கிறோமே, அது மடகாஸ்கரில் பிறந்தது. அங்கே இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் உழவர்களோடு சேர்ந்து கண்டது. இளநாற்று, அகன்ற இடைவெளி, வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவது. நீர் மிச்சம், விதை மிச்சம். நீர் தேங்காததால் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறைகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஐ ஒட்டி அதைச் சோதித்து, நம் கோனோ களைக்கருவியோடும் நம் கால்வாய் முறையோடும் பொருத்தியது. பாதிரியார் எழுதிய முறையை அப்படியே நகலெடுத்திருந்தால் டெல்டாவில் ஒரு வயலில்கூட நின்றிருக்காது. முறைநீர் வரும் நாளும் நடவு ஆள் கிடைக்கும் நாளும் அங்கே வேறு, இங்கே வேறு.

இரண்டாவது முத்துப்பேட்டை, பிச்சாவரம் அலையாத்திக் காடு. மீனவர்கள் மரம் வெட்டியதாலும் மாடு மேய்த்ததாலும்தான் காடு அழிந்தது என்று நம் ஆட்கள் ரொம்பக் காலம் அவர்கள் மேல் பழி போட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போய்ப் பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கட்டம் கட்டமாகக் காட்டை மொத்தமாக வெட்டியதில், அந்த இடங்கள் தட்டுப்போல் குழிந்துவிட்டன. உள்ளே வந்த கடல்நீர் வெளியே போகாமல் நின்று, காய்ந்து, உப்பேறிப்போனது. அதில் எந்தக் கன்று பிழைக்கும்? மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்தார்கள். கிராமத்தாரையே கன்று நடவும் வாய்க்கால் தூரெடுக்கவும் வைத்தார்கள். காடு திரும்பியது. 2004 சுனாமியில் அதன் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மரம் நடுவதற்கு முன்னால் நீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதுதான் அங்கே கைவந்த திறன்.


கடலோரன் | பத்து மாவுங் | செவ்வாய் மதியம் 1.05

தஞ்சை அண்ணா சொன்ன வாய்க்கால் முறை இங்கே சுங்கை ஆச்சே பக்கம் உள்ளவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990-களிலிருந்தே பாக்காவ் (அலையாத்தி) கன்று நட்டுவருகிறார்கள். நண்டும் இறாலும் குறைந்தது ஏன் என்று அவர்களே கண்டுபிடித்து, அவர்களே செய்தது. சம்பளம் கிடையாது. சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். அதற்கு அப்புறம்தான் ஊரார் அந்த மீனவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் உலக மீன் ஆராய்ச்சி மையமான வோர்ல்ட்ஃபிஷ் தலைமையகம் இருக்கிறது. பினாங்குக்காரர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. அவர்கள் வளர்த்தெடுத்த கிஃப்ட் திலாப்பியா மீனின் கதை இந்த இழைக்குப் பொருந்தும். 1988-இல் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் ஆறுகளிலிருந்து திலாப்பியா சேகரித்துப் பிலிப்பீன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஆசியப் பண்ணைகளில் இருந்தவற்றோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சீக்கிரம் வளரும் இனம் கண்டார்கள். தேர்வு செய்யும் முறை நோர்வேயின் சால்மன் வளர்ப்பிலிருந்து வந்தது. பின்னால் அந்த வேலை நம் கெடா ஜித்ராவில் மீன்வளத் துறையோடு தொடர்ந்தது. அங்கிருந்து பல நாட்டுக் குளங்களுக்குப் போயிற்று. கடலில் வரத்துக் குறையும்போது ஏழைக்குக் குளத்து மீன்தான் புரதம்; பங்களாதேஷில் அதை நேரில் பார்க்கலாம்.

ஆனால் பாருங்கள், மீன் கொடுத்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்த மேம்பட்ட மீன் திரும்பிப் போகப் பல ஆண்டுகள் தடை இருந்தது. அங்கேயுள்ள காட்டு இனங்களோடு கலந்து அவற்றைக் கெடுத்துவிடும் என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆனாலும் விதை கொடுத்தவன் வீட்டில் விளைச்சல் இல்லை. அதனால் 'பரஸ்பரம்' என்று யார் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றே. எடுத்தவர்கள் திருப்பி என்ன கொடுத்தார்கள்? மீனைக் கொடுக்க முடியாவிட்டால், அவர்கள் ஊர் மீனையே அவர்கள் தேர்ந்தெடுத்து வளர்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.


மழைத்துளி | ஆயர் ஈத்தாம் | செவ்வாய் மதியம் 1.30

கடலோரன் அண்ணா, தெற்கில் கடலைத் தூர்த்துத் தீவு கட்டுகிறார்களே, அங்கே மீனவர் பாடு என்ன என்றும் எழுதுங்கள். திறன் வளர்ப்பு ஒரு பக்கம், கடலை மூடுவது ஒரு பக்கம் என்றால் என்ன அர்த்தம்?


நெறியாளர் | செவ்வாய் மதியம் 2.00

கடல் தூர்ப்பைப் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். கேள்வி முக்கியமானது என்பதால் நீக்கவில்லை.


கணக்கர் | பெட்டாலிங் ஜெயா | செவ்வாய் இரவு 8.30

எல்லோரும் நெல்லையும் மீனையும் பேசுகிறீர்கள். நான் தணிக்கைத் தொழிலில் இருக்கிறேன், அதனால் பணம் கையாளும் திறனைப் பற்றிப் பேசுகிறேன். இதில் கவர்ச்சி கிடையாது, ஆனால் இது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது.

நீர்வழி குறிப்பிட்ட தகவமைப்பு நிதி கியோத்தோ உடன்பாட்டின் கீழ் வந்தது. அதன் முதல் வருமானம் எது தெரியுமா? வளரும் நாடுகளில் நடந்த தூய்மைத் திட்டங்களுக்கு, புகையைக் குறைத்ததற்காகக் கிடைத்த கார்பன் வரவில் (விற்கக்கூடிய சான்றுகளில்) 2 விழுக்காடு. அதாவது இந்தியாவிலும் சீனாவிலும் பிரேசிலிலும் நடந்த வேலையிலிருந்து எடுத்து, இன்னும் பலவீனமான நாடுகளுக்குக் கொடுத்தார்கள். 2012 வாக்கில் கார்பன் விலை விழுந்தபோது அந்த ஊற்று வற்றியது. அப்புறம் பணக்கார நாடுகளின் நன்கொடையை நம்பியே ஓடுகிறது.

அந்த நிதி கொண்டுவந்த பெரிய மாற்றம் நேரடி அணுகல். ஐ.நா. அமைப்போ உலக வங்கியோ நடுவில் நிற்காமல், ஒரு நாட்டின் சொந்த நிறுவனமே பணம் பெற்றுச் செலவு செய்யலாம். அதற்கு அங்கீகாரம் வேண்டும். கணக்கு, கொள்முதல் விதி, ஊழல் புகார் வழிமுறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதி எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். 2010-இல் உலகிலேயே முதலில் அதைப் பெற்றது செனகலின் சூழலியல் கண்காணிப்பு மையம். கடலரிப்பில் போய்க்கொண்டிருந்த தங்கள் கரையோர ஊர்களுக்கு அந்தப் பணத்தில் வேலை செய்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மேற்கு ஆப்பிரிக்க அண்டை நாடுகளின் நிறுவனங்களுக்கு விண்ணப்பத்தை எப்படிக் கட்டுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கென்று அந்த நிதியே சிறு மானியம் வைத்திருந்தது. இந்தியாவில் நபார்டு வங்கி அதே மாதிரி அங்கீகாரம் பெற்றுத் தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் நீர்வடிப்பகுதி வேலைகளைச் செய்தது.

பினாங்குப் பணம் ஐ.நா. வழியாக வந்தது. அதில் தவறில்லை. ஆனால் திட்டம் முடியும்போது, அடுத்த முறை நேராகக் கேட்டு வாங்கும் நிலையில் மலேசியாவில் ஒரு நிறுவனம் நிற்க வேண்டும். ஓர் இளம் கணக்காளருக்குச் செனகல் தலைநகர் டாக்காரில் இருப்பவர் கற்றுக்கொடுத்தால் அவர் தான் பட்ட சிரமத்தை வைத்துக் கற்றுக்கொடுப்பார். லண்டன் ஆலோசகருக்கு அந்தச் சிரமம் கிடையாது.


புக்கிட் செல்வி | ஜார்ஜ் டவுன் | செவ்வாய் இரவு 10.10

கணக்கர் ஐயாவின் பதிவை மதிப்போடு படித்தேன். ஆனால் இந்த இழை முழுக்க ஓர் ஆபத்து எனக்குத் தெரிகிறது, சொல்லிவிடுகிறேன்.

நாம் நமக்குள் கற்றுக்கொள்கிறோம் என்று சந்தோஷப்படும்போது, பணக்கார வடக்கு நாடுகள் மெல்ல நழுவிவிடுகின்றன. 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில், 2020-க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்றார்கள். அவர்கள் கணக்கிலேயே 2022-இல்தான் அது எட்டியது. அரசுகள் வழியாக வந்ததில் பெரும்பகுதி கடன். 2024-இல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. வாக்குக் கிடைத்தது 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. புகையை விட்டவர்கள் அவர்கள். செலவை ஏற்பது அவர்கள் கடமை, தர்மம் கிடையாது. பாரிஸ் உடன்பாட்டின் 11-ஆம் பிரிவே திறன் வளர்ப்பில் வளர்ந்த நாடுகள் உதவ வேண்டும் என்று சொல்கிறது. தென்னுலக (வளரும்) நாடுகளின் ஒத்துழைப்பு, வடக்கின் உதவிக்கு மாற்று ஆகாது, துணை மட்டுமே என்று 2009 நைரோபி ஐ.நா. மாநாட்டு ஆவணமும் எழுதிவைத்திருக்கிறது.

இதையெல்லாம் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்துச் சொல்லவும் ஒரு திறன் வேண்டும். ஒரே நேரத்தில் பத்து அறைகளில் பேச்சு நடக்கும். சின்ன நாட்டுக் குழுவில் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். வரைவில் ஒரு சொல் மாறியதை இரவு 2 மணிக்கு யார் கவனிப்பது? அந்த இடத்தில் நம் பினாங்கு செய்த வேலையை இங்கே யாரும் சொல்லவில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1984-இல் இங்கே நடத்திய மாநாட்டில் பிறந்ததுதான் மூன்றாம் உலக வலையமைப்பு. தலைமை தாங்கியவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ் ஐயா, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்த தமிழ் முஸ்லிம். கூட நின்றவர் இதே ஊர்க்காரரான மார்ட்டின் கோர். மாநாட்டுக்கு மாநாடு அவர்களுடைய ஆட்கள் அன்றன்று என்ன பேசப்பட்டது, எந்த வாசகம் யாருக்குப் பாதகம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்க, ஆசியப் பேராளர்கள் அதைப் படித்துவிட்டு அறைக்குள் போகிறார்கள். மார்ட்டின் கோர் பின்னால் ஜெனிவாவில் வளரும் நாடுகளின் சவுத் சென்டருக்குத் தலைவரானார். ஒரு பெரிய அரசும் பின்னால் இல்லாமல், இந்தத் தீவிலிருந்து அத்தனை நாடுகளுக்குத் துணை நின்றது பெரிய விஷயம். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதைச் சொல்லுங்கள் டீச்சர்.


கணக்கர் | பெட்டாலிங் ஜெயா | செவ்வாய் இரவு 10.45

செல்வி, கடன்பட்டவன் கொடுத்தே ஆக வேண்டும், அதில் உனக்கும் எனக்கும் பேதம் இல்லை. நான் சொல்வது, பணம் நாளை வந்தால் அதை வாங்கிச் செலவு செய்ய இன்றைக்கே ஆள் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான். தயாராக இல்லாத நாட்டின் பெயரில் பணம் வரும், ஆனால் பாதி ஆலோசகர் கட்டணமாகத் திரும்பிப் போகும். பாரிஸ் உடன்பாட்டின்படியான வெளிப்படைத்தன்மை அறிக்கையை, மிக ஏழை நாடுகளும் சிறு தீவு நாடுகளும் தவிர மற்ற நாடுகள் 2024 டிசம்பர் 31-க்குள் முதல் முறையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை வெளியாள் எழுதிக் கொடுத்தால் கணக்குத் தாள்களும் அவரோடு விமானம் ஏறிவிடும். இரண்டு ஆண்டில் மறுபடி அவரையே கூப்பிட வேண்டும்.


புக்கிட் செல்வி | ஜார்ஜ் டவுன் | செவ்வாய் இரவு 10.52

அது சரி ஐயா. அதில் முழுக்க உடன்படுகிறேன்.


நீர்வழி | நிபோங் திபால் | புதன் இரவு 9.15

எதிர்பார்த்ததைவிட நிறைய எழுதிவிட்டீர்கள். எனக்குத் தோன்றியதைச் சேர்க்கிறேன்.

தென்னுலகத்திலிருந்து வருகிறது என்பதாலேயே ஒரு முறை சரியாகிவிடாது. மழைநீரை நகரமே பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும் சீனாவின் 'ஸ்பாஞ்ச் சிட்டி' முறையை இன்று ஆசியா முழுக்கப் பேசுகிறோம், பினாங்குத் திட்டமும் அந்த வழிச் சிந்தனைதான். அந்த முறையில் பெரும் பணம் போட்ட செங்சோவ் நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை பெய்தது. பூங்காவும் குளமும் என்ன செய்யும்? சுரங்க ரயிலுக்குள்ளேயே மக்கள் இறந்தார்கள். புல் பள்ளம் அடிக்கடி வரும் மழையைத் தாங்கும், ஊரை மூழ்கடிக்கும் மழையைத் தாங்காது. அந்த எல்லை எது என்று சீனப் பொறியாளர்களுக்கு இப்போது நம்மைவிட நன்றாகத் தெரியும். வெற்றியைக் காட்டும் சுற்றுலாவைவிட, தோற்ற இடத்தைத் திறந்து காட்டும் ஒரு வாரம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். நாடுகள் ஒன்றுக்கொன்று அதைச் செய்யும் நம்பிக்கை வர வேண்டும், அது பலமுறை சந்தித்தால்தான் வரும்.

கொடுக்கும் பக்கத்திலும் நமக்கு அமைப்பு இல்லாமல் இல்லை. மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் 1980-லிருந்து இருக்கிறது. 140-க்கும் மேற்பட்ட நாடுகளின் அதிகாரிகள் அதன் வழியாக இங்கே வந்து படித்திருக்கிறார்கள். அந்த வழியில் வடிகால் ஊழியர்களும் மதகு இயக்குபவர்களும் வர வேண்டும், நம்முடைய ஆட்களும் போக வேண்டும் என்பது என் ஆசை. இயக்குநர்கள் மட்டும் போய்வந்தால் போதாது. மழை இரவில் மதகைத் திறப்பது யார்? அவர்தானே போய்ப் பார்க்க வேண்டும்?


கிள்ளான்வாசி | ஷா ஆலம் | புதன் இரவு 9.40

தாய்லாந்தின் ஹாட் யாயைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். விடுமுறைக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம், வாங்குகிறோம். அந்த ஊர் 2010 வெள்ளத்துக்குப் பிறகு கால்வாய்களில் கேமரா வைத்து, நீர்மட்டத்தை யாரும் போனில் பார்க்கும்படி செய்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி எச்சரிக்கையும் வைத்தது. 2025 நவம்பரில் அதையும் மீறி ஊர் மூழ்கியது, நம் மலேசியர்கள் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நீர்வழி அண்ணா சொன்ன அதே விஷயம். கொடி ஏறியும் மக்கள் ஏன் நகரவில்லை, எங்கே பிசகியது என்று அவர்களிடம் கேட்டால் எங்கள் தாமானுக்கு நேரடிப் பாடம்.


பாகான் டீச்சர் | பட்டர்வொர்த் | வியாழன் காலை 7.05

ஹாட் யாய் வடக்கே, இந்தோனேசியாவின் மேடான் மேற்கே. மேடான் 1984-லிருந்து நம்முடைய சகோதர நகரம், தெரியுமா? விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே துறைமுகப் பகுதியான பெலாவானில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல்நீர் தெருவுக்குள் வந்துவிடுகிறது. 'ரோப்' என்கிறார்கள். மழை இல்லாமலே வரும் வெள்ளம். வீட்டுத் தரையை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். கடல் மட்டம் ஏற ஏற, நம் பாகானிலும் தீவின் கரையோரத்திலும் வரப்போவது அதுதான். அந்தத் தாய்மார்கள் பல வருடங்களாக அதோடு வாழ்கிறார்கள். குடிநீர் எப்படிக் காக்கிறார்கள், பிள்ளைகளின் பள்ளி என்ன ஆகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேடானில் கம்போங் மெட்ராஸ் என்று நம் மக்கள் வாழ்ந்த பகுதியும் உண்டு. கோயில் வழியாகத் தொடர்பு இருக்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். நான் விசாரிக்கிறேன்.

செல்வி, பள்ளியில் சொல்லச் சொன்னாயே, ஓய்வு பெற்றுவிட்டாலும் வாரக் கடைசி வகுப்பு எடுக்கிறேன். கண்டிப்பாகச் சொல்கிறேன் அம்மா.


கடலோரன் | பத்து மாவுங் | வியாழன் காலை 8.30

மேடான் பக்கத்து மீனவர்களும் நாங்களும் ஒரே நீரிணையில்தான் வலை போடுகிறோம் டீச்சர். சில நேரம் எல்லைத் தகராறும் உண்டு. அவர்கள் பாக்காவ் நட்ட அனுபவம் எங்களுக்கு வேண்டும், எங்கள் அனுபவம் அவர்களுக்கு உதவும். சங்கத்து மூத்தவர்களிடம் பேசுகிறேன். போனால் கன்று நடத் தெரிந்தவர்கள் போக வேண்டும், மாலை போட்டுக்கொள்ள யாரும் கூட வர வேண்டாம்.


தஞ்சைமகன் | கோலாலம்பூர் | வியாழன் காலை 9.10

முத்துப்பேட்டை வாய்க்கால் அமைப்பின் அளவுகளைத் தமிழில் எழுதித் தர ஊரில் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். மலாயில் யாராவது மாற்றித் தந்தால் சுங்கை ஆச்சேக்கும் பெலாவானுக்கும் ஒரே தாள் போதும். ஆனால் முதலில் அங்கே மண்ணின் உப்பையும் ஓதத்தின் உயரத்தையும் அளந்துவிடுங்கள் கடலோரன். அது தெரியாமல் வாய்க்கால் வெட்டினால் இருக்கிற கன்றும் போய்விடும்.


நீர்வழி | நிபோங் திபால் | வியாழன் இரவு 9.30

சரி, மாநகர் மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோம். மலாயில் வரைவு நான் போடுகிறேன், டீச்சர் திருத்திக் கொடுங்கள். பினாங்குத் திட்டத்தில் நடும் மரத்துக்கும் கட்டும் பள்ளத்துக்கும் பராமரிப்புக் குறிப்பு மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அந்தந்த வட்டார மக்களிடம் இருக்க வேண்டும் என்று கேட்போம். பயிற்சி பெறுகிறவர்களில் துப்புரவு, வடிகால் ஊழியர்களுக்கு இடம் கேட்போம். மேடானோடு உள்ள சகோதர நகர உறவை இந்த வேலைக்குப் பயன்படுத்தும்படி கேட்போம், முதல் பயணத்தில் பெண்கள் குழுவும் மீனவர்களும் இருக்க வேண்டும் என்று சேர்த்து. கிள்ளான்வாசி, உங்கள் லோரோங்கில் யார் யாரைத் தூக்குவது என்ற பட்டியலை நீங்கள் எழுதத் தொடங்கிவிடுங்கள். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. எழுதியதை இங்கே போட்டால் மற்றத் தாமான்களும் எடுத்துக்கொள்ளும்.


கணக்கர் | பெட்டாலிங் ஜெயா | வியாழன் இரவு 9.50

கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். திட்டப் பணம் முடிந்த அடுத்த ஆண்டிலிருந்து பராமரிப்புச் செலவு மன்றத்தின் எந்தத் தலைப்பில் வரும் என்று கேளுங்கள். வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தலைப்பு இல்லையென்றால், இப்போதே உருவாக்கும்படி எழுதுங்கள். வரைவை எனக்கும் அனுப்புங்கள், எண்களை நான் பார்த்துத் தருகிறேன்.